கையில் ஒன்று

மாளிகாவத்தையில், உடைத்த வீடுகளின்
கதவு நிலைகளுக்குப் பின்னால்
தலைகீழாய்க் கிடந்தது மேசை.
"கந்தோர் ஏலத்தில் எடுத்தது.
கால் நாலும் நல்ல கால்" என்றார் நௌபர்,
மாடு விற்பவர்போல.

ஆட்டோவில் ஏறவில்லை.
லாச்சியை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னே,
மேசை பின்னே ஒரு பட்டா லொறியில்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, பல்கனி.
சுரண்டினேன்.
சாம்பல். அதன் கீழ் பச்சை.
அதன் கீழ் ஒரு நீலம்,
ஆஸ்பத்திரிச் சுவரில் பாதிவரை அடிப்பார்களே, அது.
பிறகுதான் பலா,
இப்போது அறுத்ததுபோல மஞ்சளாய்.

கீழ்வீட்டு மிஸிஸ் வீரக்கொடி ஏறி வந்தாள்,
காயப்போட்ட வெள்ளைச் சேலை முழுக்க மரத்தூள்.
ஏச வந்தவள்
பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.
"கொஸ்" என்றாள்.
"பலா" என்றேன்.
பிறகு ஏசினாள்.

ஒக்டோபர் மழையில் லாச்சி இறுகிக்கொண்டது.
இரண்டு நூல் சீவினேன், வெண்ணெய்போல் போய்வந்தது.
பெப்ரவரியில் கழன்று
என் காலில் விழுந்தது.
மழை குடித்து நின்ற மரத்தை
மரத்தின் அளவு என்று நினைத்துவிட்டேன்.

சீவிய இடத்தில் சட்டம் ஒட்டக்
கவிழ்த்தபோதுதான் கண்டேன்
அடிப்பலகையில், பென்சிலில், ஒரு கூட்டல்:

1240
385
கோடு
1525

கணக்குப் பிரிவில் எனக்குப் பதினொரு வருஷம்.
வேண்டாமென்றாலும் கண் கூட்டிவிடும்.
நாலும் எட்டும் பன்னிரண்டு,
இரண்டைப் போட்டு
கையில் ஒன்றை மறந்திருக்கிறது யாரோ.
நூறு ரூபாய் குறைகிறது.

அது நூறு ரூபாய்க்கு மதிப்பிருந்த காலம்.
சம்பளத்தில் பிடித்தார்களா,
மேலே இருந்தவரும் கூட்டத் தெரியாதவரா,
அல்லது சும்மா, சாப்பாட்டு நேரத்தில்,
வீட்டுக் கணக்கா?

அந்த இடத்தில் மட்டும் அரத்தாள் போடவில்லை.
மற்ற எல்லாவற்றையும் தேய்த்தேன்,
தேநீர்க் கோப்பை வட்டங்கள்,
மையூற்றிய கறை,
ஒரு சிகரெட் சூடு (அது முழுதாய்ப் போகவில்லை).
வார்னிஷ் இரண்டு தடவை.
பென்சில் கலையாமல்
தூரிகையை ஒரே பக்கமாய் இழுத்து.

காய்ந்த அன்று, ஏனென்று தெரியாது,
ஒரு நூறு ரூபாய் நோட்டை லாச்சியில் வைத்தேன்.

இன்று காலை கைப்பையில் ஆயிரம் மட்டும்.
101 பஸ்காரன் ஆயிரத்தைத் தொடமாட்டான்.
எடுத்துக்கொண்டு ஓடினேன்,
லாச்சியை இடுப்பால் தள்ளி மூடி.

சத்தமில்லாமல் மூடுகிறது.
இந்த முறை
மழைக்கென்று அரை நூல் விட்டிருக்கிறேன்.