ஒன்றரை அங்குலம்

இந்த வண்டியை வரைந்தவனுக்கு
ஆறடி உயரம் இருந்திருக்க வேண்டும்.
மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினாலே
எனக்கு மணிக்கட்டில் எறும்பு ஊறும்.
கழுத்துக்குக் கீழே
யாரோ ஆணி அடித்துச் சட்டை மாட்டியது போலிருக்கும்.

"ஆளை மாத்த முடியாதுக்கா,
வண்டியைத்தான் மாத்தணும்"
என்றான் போஜராஜ்.
கோத்தகிரி டானிங்டன் வளைவில் அவன் பட்டறை,
பாதி கூரைக்குள், பாதி மழையில்.
சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி உட்காரவைத்து
கண்ணை மூடச் சொன்னான்.
"ஹேண்டில் இருக்குன்னே நினைக்காதீங்க.
கை எங்க போய் நிக்குதோ நிக்கட்டும்."

நின்றது.
கம்பிக்கு இந்தப் பக்கம்
இரண்டு விரற்கடை மேலே
ஒன்றுமில்லாத காற்றில்.

பிறகு டேப். ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டேன்.
நாற்பத்தேழு வருடத்தில் என்னை அளந்தவர்கள்
மார்பு, இடுப்பு, தோள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.
முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு எவ்வளவு,
இடுப்பெலும்பிலிருந்து குதிகாலுக்கு எவ்வளவு
என்று ஒருவரும் கேட்டதில்லை.
சிகரெட் அட்டையின் பின்பக்கம்
ஐந்தாறு எண்களாக இருந்தேன்,
ஆயில் கறையோடு.

சீட்டுக்குக் கமருதீன்.
ஜீப்புக்கும் வேனுக்கும் குஷன் தைக்கிறவர்.
எதிர்க்கடையிலிருந்து
பரோட்டாவுக்குப் பிசைந்த மாவு இரண்டு கிலோ வாங்கி வந்து
பலகையில் பரப்பி, மேலே பாலிதீன் விரித்து
"உட்காருங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்றார்.
எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள்.
இடது பள்ளம் ஆழம்.
அவர் என்னைப் பார்க்காமல் மாவையே பார்த்துக் கேட்டார்:
"ரொம்ப வருஷம் ஒருக்களிச்சு உட்கார்ந்து போயிருக்கீங்களா?"

இருபத்தொரு வருடம்.
ஸ்கூட்டரின் பின்சீட்.
புடவை, மடியில் பை, ஒரு கை அவர் தோளில்.

அன்று மாலை அந்த வரிசையில்
எந்தக் கடையிலும் நான் பரோட்டா சாப்பிடவில்லை.

முன்பக்கம் ஃபோமைச் சீவி
தரைக்குக் கால் எட்டவைத்தார்.
இடதில் கொஞ்சம் கெட்டி வைத்தார்.
போஜராஜ் கால்மிதியை இறக்கி முன்னே தள்ளினான்,
ஹேண்டிலுக்கு அடியில் அலுமினியக் கட்டை இரண்டு கொடுத்தான்.
ஒன்றரை அங்குலம்.
அரவேணு வரை ஓட்டிப் பார்த்தேன்.
மணிக்கட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
தேயிலைச் சரிவு இரண்டு பக்கமும் இருப்பது
அதுவரை கழுத்துக்குத் தெரியாது.

குஞ்சப்பனைக்கு மேலே
ஒரு லாரிக்கு ஒதுங்கி
முழுக்க இடதுபக்கம் ஒடித்தேன்.
நான் முறுக்காமலே
இன்ஜின் கத்தியது.
ஒரு நொடி, பள்ளத்தை நோக்கி
எனக்கு முன்னால் புறப்பட்டது வண்டி.
கிளட்சைப் பிடித்துக்கொண்டு
பலாமரத்தடியில் நின்றேன்,
முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின.

"கேபிள்" என்றான், தலையைச் சொறிந்து.
"கட்டையை ஏத்துனேன், கேபிள் அதே நீளம்.
ஒடிச்சா இழுக்குது."
எனக்குக் கொடுத்ததை
அதனிடமிருந்து எடுத்திருக்கிறான்.
கோயமுத்தூரிலிருந்து நீளக் கேபிள் வர ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் பழைய உயரத்தில்
பஸ் பாஸ் எடுத்தவள் மாதிரி
முனகிக்கொண்டே ஓட்டினேன்.

இப்போது இடதும் வலதும் ஒடிக்கிறேன்,
ஐட்லிங் அசையவில்லை.

நேற்று கேட்டை மறிக்கிறது என்று
அவர் வண்டியை நகர்த்தப் போனார்.
ஏறி உட்கார்ந்தவரின் முழங்கால்
டேங்கைத் தாண்டி நின்றது,
கை மார்புக்கு வந்துவிட்டது.
"என்னமோ மாதிரி இருக்கே" என்று இறங்கி
சாவியை நீட்டினார்.
ராமேஸ்வரம் போகிறேன் என்றேன், வெள்ளிக்கிழமை.
வருகிறாரா என்று கேட்டேன்.

பின்சீட்டில் ஏறி
இரண்டு பக்கமும் கால் போட்டு
கொஞ்ச நேரம் கைகளை என்ன செய்வதென்று பார்த்தார்.
"எங்க பிடிச்சுக்கிறது?"

அந்தப் பகுதியை
நாங்கள் இன்னும் அளக்கவில்லை.