கண்ணாடிக்குக் கீழே

போர்ட் பிரியில் எங்கள் கறிக்கடையில்
எழுதாத சட்டம் ஒன்று உண்டு:
கண்ணாடிப் பெட்டியைத் தாடை தாண்டாதவரை
பிள்ளைக்கு ஒரு வில்லை ஃப்ரிட்ஸ், காசில்லை.
வெளிர்சிவப்பு. ஓரத்தில் ஆரஞ்சுத் தோல்.
உள்ளே என்ன இறைச்சி என்று கேட்டால்
ஆள் பெரியவராகிவிட்டார் என்று அர்த்தம்;
நூறு கிராமுக்கு விலை சொல்வேன்.

நோஸ்கே வீட்டுப் பொடியன்
இரண்டு கண்ணும் ஒரு வாயும் கடித்தெடுத்து
ஈரத்தோடு முகத்தில் ஒட்டிக்கொள்வான்.
அம்மா அதட்டுவாள். ஓட்டை வழியே பார்ப்பான்.

சனிக்கிழமை பிரையனி வந்தாள்.
விடுமுறைக்கு அடிலெய்டில் அப்பாவிடம் போனவளை
மூன்று அங்குலம் கூட்டி அனுப்பியிருந்தார்கள்.
கொத்துக்கறி, சாசேஜ், நாய்க்கு எலும்பு.
சீட்டைப் பார்க்காமலே சொன்னாள்.
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினாள்.
போகவில்லை.

நான் கத்தியைத் துடைத்தேன்.
அப்போதுதான் அவள் தலை மெல்ல இறங்கியது,
படியே இல்லாத இடத்தில்
யாரோ படியிறங்குவதுபோல.
முழங்கால் மடங்கி,
தாடை கண்ணாடிக்குக் கீழே.
முகத்தில் மட்டும்
ஒன்றுமே நடக்காத பாவனை.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்திருக்கலாம்.
நான் பார்க்கவில்லை.
வழக்கத்தைவிடத் தடியாய் ஒன்று அறுத்தேன்.

கதவு மணி அடித்தபோது
நிமிர்ந்துதான் போனாள்,
உரித்த தோலை
விரலில் சுற்றிக்கொண்டு.