வால் நுனி

அட்டனில், டன்பார் வீதியில், மோட்டர் சுற்றும் கடை.
பெக்டரிக் காற்றாடி, தண்ணீர்ப் பம்பு,
பேக்கரியில் மாவு பிசைகிற யந்திரம்,
எல்லாம் எரிந்த பிறகே என்னிடம் வரும்.
செம்புக் கம்பி கருகிய வாசத்தை வைத்து
எது மின்னலில் போனது, எது பேராசையில் போனது
என்று சொல்லிவிடுவேன்.

செபஸ்தி கொண்டுவந்தது உள்ளங்கைக்குள் அடங்கியது.
நிக்கல் மூடி. இரண்டு தீப்பெட்டியை
ஒட்டவைத்த அளவு.
"கிட்டார் பிக்கப். கப்பல்காரன் ஒருத்தன் வித்தது.
ஒரு பக்கம் செத்துப்போச்சு. ஏலுமா பிள்ள?"

அவனுடைய பழையதற்கு ஒற்றைச் சுருள்.
கல்யாணப் பந்தலில் தந்தியைத் தொடுமுன்னே
பெக்டரி வந்து உட்கார்ந்துவிடும்,
ஊம் என்று,
கொழுந்து வாட்டும் காற்றாடியின் அதே சுருதியில்.
மாப்பிள்ளை வீட்டார் வயரைப் பார்ப்பார்கள்.
செபஸ்தி கூரையைப் பார்ப்பான்.

சூட்டுக்கோல் வைத்து ஈயத்தை இளக்கினேன்.
உள்ளே இரண்டு சுருள். அடியில் ஒரே காந்தம்,
வடக்கை ஒன்றுக்கும் தெற்கை மற்றதற்கும் கொடுத்துக்
குறுக்கே படுத்திருந்தது.
எதிரெதிராய்ச் சுற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்.
இல்லை. இரண்டும் ஒரே வாக்கில்.
வால் நுனியை வால் நுனியோடு முறுக்கியிருந்தார்கள்,
அவ்வளவுதான்.

சீனிப் பையைக் கிழித்துப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
இரைச்சலுக்குக் காந்தம் தெரியாது.
இரண்டு சுருளிலும் ஒரேமாதிரி நுழைந்து
வால் முட்டும் இடத்தில் தன்னையே தின்றுவிடுகிறது.
தந்தியின் குரல் காந்தத்தில் ஒருமுறை புரண்டு
முடிச்சில் மறுமுறை புரண்டு
நேராக எழுந்து வருகிறது.

மொஹிதீன் முதலாளி எங்கோ வாசித்திருந்தார்:
"பாட்டுக்காரன் மூளையில்ல இது.
அம்ப்ளிஃபையர் உள்ளுக்குள்ள முனகுதேன்னு
முதல்ல அங்கதான் ஒரு சுருளக் கட்டி அடக்கினாங்க.
அதப் பார்த்துத்தான் கிட்டாருக்கு."
முனகலைக் கேட்டுத் தொடங்கிய ஆள்.
எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

அடித்தகட்டில் நகமளவு கறுப்பு ஒட்டி, பொன் எழுத்து.
காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது.
இலக்கம் இல்லை. கொடுத்தார்களா என்றும் இல்லை.

அப்பாவின் தாள் பிஸ்கட் டின்னில் இருக்கிறது,
பிரஜாவுரிமைக்கு. அதிலும் இதே வினைச்சொல்.
அத்தை வேறு தாளில் கையெழுத்து வைத்தாள்,
அவளுக்குக் கிடைத்தது,
தலைமன்னாரில் கப்பல் ஏறினாள்.
இப்போது கோத்தகிரியில் அதே கொழுந்து, அதே பனி.
கடிதத்தில் மட்டும்
"உங்க ஊர்" என்று எழுதுகிறாள்.

தலைமயிரை விட மெல்லிய கம்பி.
மூச்சுப் பட்டால் அறுந்துவிடும். இருமலை விழுங்கி
நாலாயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று வரை எண்ணினேன்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
இருட்டில் இன்னும் எத்தனை சுற்றினேன்?
கணக்கு இல்லை. முதல் சுருளைச் சுற்றிய கைக்கும்
கணக்கு இருந்திருக்காது. அதன் ஓரம் ஒரு பக்கம்
கொஞ்சம் வீங்கியிருந்தது.
அது பெண் கை என்றே எனக்குப் பட்டது.

ஒட்டியைக் கீறாமல் மூடினேன்.
செபஸ்தி மீட்டினான். கடைக்குள் தந்தி மட்டும்.
பிறகு, காதை வைத்தால் மட்டும் கேட்கிற
தூரத்து வண்டு ஒன்று.
இருட்டில் விட்ட சுற்றுகளோ என்னவோ.

மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தான்.
"ரொம்பச் சுத்தமா இருக்கு.
ஒரு சுவிட்ச் போட்டுத் தா. தட்டினா ஒத்தச் சுருளாகணும்."
"பெக்டரி வந்துருமே?"
"கடைசிப் பாட்டுல வரட்டும். கேக்கிறாங்க."

போட்டுக் கொடுத்தேன்.
பில்லில் என்னவென்று எழுதுவது?
மோட்டர், ஒன்று.