ஒரு கட்டைவிரலுக்கு

மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். போதும்.
என் பெயர் லொரெட் மிஷோ.
கோல்பர்ன் ஆம்புலன்ஸில் பத்தொன்பது வருஷம்.
நாயைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்,
ஆனால் ஒரு கட்டைவிரலிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்டோபர். உருளைக்கிழங்குக் கிடங்கின் பின்புறம்.
ஓடியவனை நாய் பிடித்தது.
கத்தி நாயின் தொடையில் இறங்கியது.
ஓடியவனுக்குக் கணுக்காலில் பல் தடம்.
இன்னொரு வண்டி அவனைக் கொண்டுபோனது,
போர்வை போர்த்தி, ரத்த அழுத்தம் பார்த்து.
அதில் எனக்குக் குறை இல்லை.
அப்படித்தான் செய்ய வேண்டும்.

நாயின் பெயர் யோரிஸ்.
ஹாலந்தில் பிறந்து, கூண்டில் அடைபட்டு, விமானத்தில் வந்தது.
எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு ஒரு சொல்லும் தெரியாது.
தெரிந்தவை பன்னிரண்டு டச்சுச் சொற்கள்.
எவரெட் பிங்கம் அதில் ஒன்றைத்தான்
காதோடு வாய் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்:
ப்ளைஃப்.
இரு என்று அர்த்தமாம்.
அசையாமல் இரு என்று பயிற்சியில் சொல்வது.
அன்றைக்கு அவன் சொன்னது அந்த இரு இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் வண்டிக் கதவு திறந்திருந்தது.
உள்ளே விளக்கு, ஆக்சிஜன், விரித்த ஸ்ட்ரெச்சர்.
நாய் சட்டப்படி ஒரு சாமான்.
கவுண்டியின் சொத்துப் பட்டியலில்
ரேடியோவுக்கும் பனி வாரும் இயந்திரத்துக்கும் நடுவே அதன் எண்.
சாமானுக்கு நான் கட்டுப் போட்டால்
என் உரிமம் போகும்.

எவரெட்டின் கட்டைவிரலில் ஒரு கீறல்,
கழுத்துப்பட்டையின் கொக்கி கிழித்தது, கடுகளவு.
அதற்கு எனக்கு உரிமை இருந்தது.
கட்டினேன்.
அவன் அதை அவிழ்த்து நாயின் தொடையில் திணித்தான்.
இன்னும் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன்,
அவன் விரலைப் பார்த்துத்தான் கேட்டேன்.
வருகிறது என்றான், விரலைப் பார்க்காமல்.
இன்னொரு சுருள் கொடுத்தேன்.
இன்னொன்று.

பட்டியை எப்படி இறுக்குவதென்று வாயால் சொன்னேன்.
வாய்க்கு உரிமம் தேவையில்லை.
மேலே. இன்னும் மேலே. முறுக்கு. அது ஊளையிடும், விடாதே.

அன்றைய படிவம் உங்கள் கோப்பில் நாலாம் பக்கம்.
நோயாளி: எ. பிங்கம். காயம்: கட்டைவிரல் கீறல்.
செலவானவை: துணிச்சுருள் பதினொன்று,
ரத்தம் நிறுத்தும் பட்டி ஒன்று.
மேலதிகாரி வாசித்தார். பேனாவைக் கொஞ்ச நேரம் தட்டினார்.
கையெழுத்துப் போட்டார்.

பிறகு போலீஸ் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள்.
இரவில் திறந்திருக்கும் ஒரே மிருக மருத்துவமனைக்கு
அறுபத்திரண்டு மைல்.
நான் காலி வண்டியோடு நின்றேன்.

மறுநாள் தட்டுக் கழுவும்போதுதான் உறைத்தது.
கட்டைவிரலுக்குப் பதினொரு சுருள் கொடுத்தவளுக்கு
கட்டைவிரலை வண்டியில் ஏற்றத் தோன்றவில்லையே.
ஏறு எவரெட், விரல் மோசம், படுத்துக்கொள்,
மடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்க மாட்டேன்.
இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.
நாற்பத்தெட்டாவது மைலில் அவன் காரை ஓரங்கட்டினான்.
சைரனை அணைத்தான்.

ஐயா, உங்கள் கேள்வி புரிகிறது.
நாயை ஏற்றிப் போகும்போது
எங்கோ ஒரு மனிதனுக்கு நெஞ்சை அடைத்தால்?
நாயை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டுப் போவேன்.
மசோதாவில் ஏழாம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.
அந்த வரியை அடிக்காதீர்கள்.
திரும்பிப் பார்க்காமல் போவேன் என்று மட்டும்
எழுதிவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டது, கேட்டது.
ஒன்றே ஒன்று.
பயிற்சிக்கு எட்டு மணி நேரம் போட்டிருக்கிறீர்கள்:
வாய்க்கட்டு, மூக்கு நீண்ட முகமூடி, ஊசிக்கு நரம்பு எங்கே.
அந்தப் பன்னிரண்டு சொற்களையும் சேருங்கள்.
பன்னிரண்டும் முடியாதென்றால் ஒன்றையாவது.
நான் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.
உச்சரிப்புச் சரியில்லை என்கிறான் எவரெட்.