பதினான்கு பெட்டிகள்

பிப்ரவரி பதினெட்டு. ஈரப்பதம் நாற்பத்தொன்று.
காற்று வடமேற்கு, மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்.
படிவத்தில் எல்லாக் கட்டங்களுக்கும் பதில் இருந்தது.
வால்டெமார் பந்தத்தைச் சாய்த்தான்.
மூன்று பங்கு டீசல், ஒரு பங்கு பெட்ரோல்,
சொட்டுச் சொட்டாக
தோஜோ முட்புதர்களின் அடியில் இறங்கியது.

காற்றை எதிர்த்து நடக்கும் தீக்கு
முழங்கால் உயரம்தான்.
கட்டிப்போட்ட கன்று மாதிரி
கயிறு எட்டிய மட்டும் மேயும்.
பைன் மரங்களின் காலடியைத் துடைத்துவிட்டுக்
கிளைகளை அண்ணாந்தும் பார்க்காமல் போகும்.
பதினோரு ஆண்டுகளாக இந்த மலையில்
அதற்கு நான் விட்டுவைத்த இடம் அவ்வளவுதான்.

இரண்டு மணி இருபதுக்குக்
காற்று ஒருமுறை புரண்டு படுத்தது.
தூக்கத்தில் ஒரு குழந்தைக்கு ஆகிற நேரம்.
வெட்டிவைத்த கோட்டைத் தாண்டி
அறுபது அடி.
அணைத்துவிட்டோம். ஐந்து பேர், நாற்பது நிமிடம்.
அந்த அறுபது அடிக்குள்
ஹெர்மினியோவின் தேன்பெட்டிகள் பதினான்கு.

குளிர்காலத்தில் தேனீக்கள் வெளியே வருவதில்லை.
ராணியைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டு
ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருக்கும்.
மெழுகு உருகிக் கல்லிடுக்கில் ஓடியிருந்தது.
மலை முழுக்கக் கரி நாற்றம். அந்த இடத்தில் மட்டும்
யாரோ பலகாரம் சுட்டதுபோல் வாசனை.
அதை நான் அறிக்கையில் எழுதவில்லை.

அவர் கத்தவில்லை.
"நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது, டெல்ஃபினா.
அதனால்தான் ஊர்க் கூட்டத்தில்
அவ்வளவு அழகாகச் சொன்னாய்."
என் முகத்தில் ஏற்கெனவே கரி இருந்தது.
வேறு யாரும் பூச வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டில் வந்தது, நான் கொளுத்தாதது.
தெற்கே யூகலிப்டஸ் தோப்பிலிருந்து,
பற்றிய பட்டைகளைத் தனக்கு முன்னால் வீசிக்கொண்டு.
இரண்டு இரவுகள் வானம் தக்காளி நிறம்.
நாங்கள் கறுப்பாக்கிய மேட்டுக்கு வந்ததும்
(அதற்குள் அங்கே விரல் நீளப் புல், கொஞ்சம் பெரணி)
மர உச்சியிலிருந்து இறங்கித் தரையில் நடந்தது.
முழங்கால் உயரம்.
மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு அது போதும்.

மேற்குச் சரிவில் அப்படி இறங்கவில்லை.
அங்கே நாங்கள் எரித்திருக்கவில்லை;
லிஸ்பனிலிருந்து அனுமதி வருவதற்குள்
மார்ச் மழை பிடித்துக்கொண்டது.
அடேலியாவின் ஆட்டுப்பட்டி,
இரண்டு வைக்கோல் கொட்டகைகள்,
முகவரியில் மட்டும் இருக்கிற ஒரு தெரு.

எரியாத வீடுகள் இருபத்தாறு என்கிறான் வால்டெமார்.
எரியாததை எப்படி எண்ணினானோ.
ஹெர்மினியோவின் வீடு அதில் ஒன்று.
காற்று விழுந்ததால்தான் நெருப்பு நின்றது என்று
காப்பிக் கடையில் சொல்கிறாராம்.
இருக்கலாம். அன்றிரவு காற்று விழுந்ததும் உண்மை.

நவம்பர். மேற்குச் சரிவுக்கான படிவம் மேசைமேல்.
'அருகிலுள்ள உடைமைகள்' என்று ஒரு கட்டம்.
கேட்கப் போனேன்.
கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே சொன்னார்:
"ஒன்பது பெட்டி. புதுசு.
எந்தப் பக்கம் வைக்கட்டும், நீயே சொல்."