செக்

பள்ளத்தூர்க் கிளையில் இரண்டாம் கவுண்டர் எனக்கு.
கட்டம் போட்ட கண்டாங்கியில்
அடைக்கம்மை வந்து நிற்கிறார்:
"செக்குக் காசு இன்னும் ஏறலையாம்ல?"

எந்தச் செக்கு?
அவர் விற்றதும் செக்கு,
நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாதது.
ரிசார்ட்காரர் கொடுத்ததும் செக்கு,
ஊதினால் பறக்கும்.
கையெழுத்து ஒத்துவரவில்லையென்று
நேற்றே திரும்பிவிட்டது.

சர்வர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
போனில் அந்தச் சொல்லைத் தேடினேன்.

பாரசீகத்தில் ராஜாவுக்கு ஷா என்று பேராம்.
சதுரங்கத்தில் அவரை மறித்தவர்கள்
"ஷா!" என்று எச்சரித்தார்களாம்.
அந்தக் குரல் பிரெஞ்சு நாக்கில் புரண்டு
இங்கிலாந்தில் செக் என்று இறங்கியது.
பிறகு மறிப்பதெல்லாம் செக்,
மறித்துப் பார்ப்பதும் செக்,
பலகையின் கட்டம், கட்டம் போட்ட துணி,
திருச்சி பஸ்ஸில் நடுவழியில் ஏறுபவர்,
ஒருவழியாக இந்தத் தாளும்.

ஆக, இவர் உடுத்தியிருப்பதும் அதுதான்,
கேட்டு வந்ததும் அதுதான்,
நான் செய்வதும்.
எண்ணெய் ஆட்டும் செக்கு மட்டும்
இந்த வம்சத்தில் சேராது.
நம்மூர்ச் சொல். ராஜா யாரும் இல்லை அதற்குள்,
கொஞ்சம் பிண்ணாக்கு வாசம்தான்.

திரும்பி வந்த தாளை நீட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
கோபமில்லை. மடித்துப் பைக்குள் வைத்தார்.
"உரலைத்தான் லாரியில ஏத்துனாக.
உலக்கை எங்க பட்டாசாலையில கெடக்கு.
காசு வரட்டும்."

பேங்க் இருப்பது பழைய வீடு, வாடகைக்கு;
கறுப்பும் வெள்ளையுமாகத் தளம்.
குறுக்கே நடந்து போனார்,
எந்தப் பக்கமும் போகக்கூடியவர்.

ரிசார்ட் நம்பரை அழுத்தினேன்.
மணி அடிக்கிறது.
ஷா என்றால் புரியுமா அவருக்கு?