ஏழாம் ஆண்டுப் பரிசோதனை

ஒரு முழங்காலைக் கணினி வழிகாட்ட வெட்டினார்கள்.
மற்றதை டாக்டர் நொய்ஹாஃப்
தன் கண்ணை நம்பி வெட்டினார்.
எது எது என்பது உறைக்குள்.
உறை என் அலமாரியில்,
சாவி வேறு யாரிடமோ.

ரோஸ்விட்டா கெஸல்ஹைம், எழுபத்தாறு வயது.
மோசல் ஆற்றுச் சரிவில் இன்னும் திராட்சைக்கொடி கட்டுகிறவர்.
காலுறையைச் சுருட்டியபடியே கேட்கிறார்:
"பஸ் இருபது நிமிஷம் லேட். அதை எழுதுவீங்களா?"
அதற்குக் கட்டம் இல்லை.

கோணமானியை வைக்கிறேன்.
வலது நூற்றுப் பதினெட்டு, இடது நூற்றுப் பதினேழு.
அந்த ஒரு டிகிரி
என் கை நடுக்கமாகவும் இருக்கலாம்.
எக்ஸ்ரேயில் மட்டும்
வலது நூல் பிடித்தாற்போல் நிற்கிறது,
இடது மூன்று டிகிரி உள்ளே சாய்ந்து
யாரோ சொல்வதைக் கேட்பதுபோல.
ஊகிக்கலாம்.
ஊகிக்கக் கூடாது என்பது விதி.

படி ஏற முடிகிறதா?
"முடியுது."
இறங்க?
"இறங்க யாருக்குத்தான் பிடிக்கும்?"
மண்டியிட?
"முடியும்னு போடாதீங்க, முடியாதுன்னும் போடாதீங்க.
எங்க சரிவுல மண்டி போட வேண்டியதே இல்லை,
மண்ணு தானா முகத்துக்கு நேரா வந்துடும்."
பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நிற்கிறது.

கடைசிக் கேள்வி: இரண்டில் எது நல்ல கால்?

வலது என்றவர்கள் உண்டு.
இடது என்றவர்கள் உண்டு.
நூற்று நாற்பது பேரையும் கூட்டிக் கழித்தால்
பூஜ்யத்தை ஒட்டி ஓர் எண் மிஞ்சுகிறது.
அடுத்த மாதம் லிஸ்பனில்
அதைப் பன்னிரண்டு நிமிடம் படிக்கப் போகிறோம்.

அவர் இரண்டையும் பார்க்கிறார்,
ஓரவஞ்சனை செய்யச் சொல்லிவிட்டேன் என்பதுபோல.
பிறகு:
"ஈரக் கல்லுல கூடையோட இறங்கறப்ப
இடதைத்தான் முதல்ல வைப்பேன்."

சாய்ந்த கால்.
ஏன் என்கிறேன், குரலைச் சமமாக வைத்துக்கொண்டு.

"ஏனா? இருபது வயசுலேருந்தே அப்படித்தான்."

வித்தியாசம் இல்லை என்று குறித்தேன்.
கையெழுத்துப் போட்டார், பெரிய எழுத்தில்,
கோட்டுக்கு வெளியே.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்:
நிறுத்தத்தில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.
கைப்பையை உயர்த்தி, ஏதோ கத்திக்கொண்டு
நாலைந்து எட்டு ஓடினார்.
ஓடினார்!

எந்தக் கால் முன்னால் என்று
கவனிக்க மறந்துபோனேன்.